புரையோடிய எலும்பும் நுண்ணுயிரின் குமிழியும்

கூன் விழுவதை முதுமையின் இயல்பென்றே மனித குலம் நெடுங்காலம் கருதி வந்தது. நரை, திரை, மூப்பு என்று அடுக்கும்போது கூனும் அவற்றோடு சொல்லாமலே சேர்ந்துகொண்டது. கிணற்றடியில் வழுக்கி விழுந்த மூதாட்டி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தால், "வயதாகிவிட்டது, என்ன செய்வது?" என்பதே வீட்டாரின் தேறுதல் மொழி. மருத்துவ உலகமும் இதற்கு மேல் வெகுதூரம் சென்றுவிடவில்லை. 1822இல் லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முதியோரிடம், சிறப்பாகப் பெண்களிடம், சிறிய இடறலாலும் முறிந்துவிடுவதை எழுதி வைத்தார். 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்ட்ராஸ்பர்க் நகரின் நோய்க்கூற்றியல் பேராசிரியர் ழான் லோப்ஸ்டைன், அளவுக்கு மீறித் துளைகள் கொண்ட எலும்புகளைக் கண்டு 'ஆஸ்டியோபோரோசிஸ்' என்று பெயரிட்டார். நாம் அதனை எலும்புப்புரை என்கிறோம். அழகான சொல்லாக்கம். உள்ளே அரித்துக்கொண்டு வெளியே தெரியாமல் இருப்பதைத்தானே 'புரையோடிப் போனது' என்கிறோம்? இந்நோயும் அவ்வாறே, எலும்பு முறியும் நாள்வரை தன் வரவைச் சொல்வதில்லை.

அண்மை ஆண்டுகளில் இந்நோய் குறித்து வியப்பான ஒரு செய்தி வந்துகொண்டிருக்கிறது. பாக்டீரியாக்கள் தம் உடலிலிருந்து உதிர்க்கும் நுண்ணிய குமிழிகளைப் பிடித்து, அவற்றில் மருந்தேற்றி, எலும்புக்கே செல்லுமாறு முகவரியும் எழுதி அனுப்பலாம் என்று சீன நாட்டு ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். இச்செய்தி விரைவில் 'அதிசய மருந்து' என்ற பெயரில் நம் வீட்டு வாசலுக்கும் வந்து சேரும். அதற்கு முன் அதன் பின்னணியை வரலாற்றின் வழியே பார்த்துவிடுவது நல்லது என நாம் கருதுகிறோம். முதிய தாயாரின் எலும்பைக் குறித்த கவலையில் இருக்கும் எவரும், எதை எவ்வளவு நம்பலாம் என்று அறிந்திருக்க வேண்டுமல்லவா?

முதலில் எலும்பைப் பற்றிச் சிறிது. அது கல்லோ மரமோ அன்று, உயிருள்ள உறுப்பு. அதனுள் ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பைத் தின்று குழி பறிக்கின்றன. மற்றொரு வகை உயிரணுக்கள் அக்குழியில் புதிய எலும்பைக் கட்டுகின்றன. ஓராண்டில் நம் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. தின்பதும் கட்டுவதும் சமமாக இருக்கும்வரை குறையில்லை. மாதவிடாய் நின்றபின் பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புக் குறையவே, தின்னும் கை ஓங்கிவிடுகிறது.

இந்தத் தொடர்பை முதலில் தெளிவாகக் கண்டவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றிய ஃபுல்லர் ஆல்பிரைட். 1940, 1941ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில், எலும்புப்புரையோடு தம்மிடம் வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்கள் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். குறைந்த சுரப்பை ஊசி வழியே திரும்பக் கொடுத்தால் எலும்பு காக்கப்படும் என்பது அவர் கொள்கை. அது தவறன்று. ஆனால் ஈஸ்ட்ரோஜன் எலும்புக்கு மட்டும் செல்வதில்லை. மார்பகம், கருப்பை, இரத்தக் குழாய் எங்கும் அது செல்கிறது. 2002இல் அமெரிக்காவில் 16,608 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வின் ஒரு பகுதி பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து உண்டவர்களிடம் இடுப்பெலும்பு முறிவு குறைந்திருந்தது உண்மை. ஆனால் மார்பகப் புற்றும் பக்கவாதமும் கூடியிருந்தன. அறுபது ஆண்டுகளாகக் கோடிக்கணக்கான பெண்கள் உண்டு வந்த மாத்திரையைப் பற்றி இவ்வளவு காலங்கடந்து இது தெரியவந்தது என்பதை எண்ணும்போது மனம் திடுக்கிடுகிறது.

ஆல்பிரைட்டின் வாழ்க்கை முடிவையும் ஈண்டுச் சொல்லாமல் விட மனமில்லை. நடுக்குவாதத்தால் பல்லாண்டு துன்புற்ற அவர், 1956இல் மூளையில் ஒரு சோதனை நிலை அறுவைக்குத் தாமே முன்வந்து உடன்பட்டார். மூளையில் இரத்தம் கசிந்தது. 1969இல் இறக்கும்வரை பதின்மூன்று ஆண்டுகள், தாம் பணியாற்றிய அதே மருத்துவமனையில், உணர்வின்றிக் கிடந்தார். அளந்து பாராத புதுச் சிகிச்சையின் விலையை மருத்துவரே செலுத்திய நிகழ்ச்சி இது.

அடுத்து வந்த மருந்தின் பிறப்பு இன்னும் விந்தையானது. பிஸ்பாஸ்போனேட் என்னும் வேதிப்பொருள்கள் நீர்க்குழாய்களில் சுண்ணாம்பு படியாமல் தடுக்கத் தொழிற்சாலைகளில் பயன்பட்டவை. சுவிட்சர்லாந்தில் ஹெர்பர்ட் ஃபிளைஷ் என்பவர், நம் சிறுநீரிலும் குருதியிலும் உள்ள பைரோபாஸ்பேட் என்ற பொருள் சுண்ணாம்புப் படிவைத் தடுப்பதைக் கண்டார். அதனைப் போன்றதாய், ஆனால் உடலுக்குள் எளிதில் சிதையாததாய் ஒன்றைத் தேடியபோது இந்தக் குழாய் மருந்து கைக்கு வந்தது. 1969இல் அவரும் துணைவர்களும் இதனை வெளியிட்டனர். அலென்ட்ரோனேட் என்ற மாத்திரை 1995இல் அமெரிக்காவில் எலும்புப்புரைக்கு ஒப்புதல் பெற்றது. இதன் சிறப்பு யாதெனில், சுண்ணாம்புச் சத்தைத் தேடி இது தானாகவே எலும்பில் ஒட்டிக்கொள்கிறது. எலும்பை மட்டும் குறிவைத்துச் செல்லும் மருந்தென்று இதையே முதலில் சொல்ல வேண்டும்.

குறையும் அங்கேயே இருந்தது. ஒட்டியது எளிதில் விலகுவதில்லை, ஆண்டுக்கணக்கில் எலும்பிலேயே தங்கிவிடுகிறது. தின்னும் உயிரணுக்களை அடக்குகிறதேயன்றிக் கட்டும் உயிரணுக்களை ஊக்குவதில்லை. 2003இல், இவ்வகை மருந்தை உயர்ந்த அளவில் ஊசியாகப் பெற்ற புற்றுநோயாளர் சிலரிடம் தாடை எலும்பு மடிந்துபோவது அறிவிக்கப்பட்டது. எலும்புப்புரைக்காக மாத்திரை உண்போரிடம் இது மிக அரிது. முறிவைத் தடுத்ததால் விளைந்த நன்மை அதைவிடப் பன்மடங்கு பெரிது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். காலையில் வெறும் வயிற்றில் ஒரு குவளை நீருடன் விழுங்கி, உணவுக்குழாய் புண்படாதிருக்க அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும் என்ற கட்டளையையும் சேர்த்தே காக்க வேண்டும்.

எலும்பைக் கட்டும் மருந்து இல்லாமலில்லை. 1965இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் மார்ஷல் யூரிஸ்ட், எலும்பிலிருந்து எடுத்த ஒரு பொருள் தசைக்குள்ளேயே புது எலும்பை முளைக்கச் செய்வதைக் காட்டினார். அப்பொருளின் வழித்தோன்றலான பி.எம்.பி.2 என்ற புரதம் 2002இல் முதுகெலும்பு அறுவையில் பயன்படுத்த ஒப்புதல் பெற்றது. கழுத்துப் பகுதியில் அதை வைத்தபோது சிலருக்குத் தொண்டை வீங்கி மூச்சடைத்தது. 2008இல் அரசு எச்சரிக்கை விடுத்தது. எலும்பைக் கட்டும் ஆற்றல் பெரியதுதான். ஆனால் வேண்டாத இடத்தில் அது கட்டினால் என்ன ஆகும்? சரியான பொருள், தவறான இடம். எலும்பு மருத்துவத்தின் நூற்றாண்டுச் சிக்கல் இந்த நான்கு சொற்களில் அடங்கிவிடும் என்று தோன்றுகிறது.

இனி நுண்ணுயிரின் பக்கம் திரும்புவோம். 1892ஐ ஒட்டி ஜெர்மனியில் ரிச்சர்டு ஃபைஃபர், காலரா நுண்ணுயிர் இறந்தபின்னும் அதன் உடலில் ஒரு நஞ்சு தங்கியிருப்பதைக் கண்டார். அகநஞ்சு என்று பெயர் பெற்ற அது, இவ்வகை பாக்டீரியாக்களின் வெளிப்போர்வையிலேயே பதிந்துள்ள ஒரு கொழுப்புப் பொருள். குருதியில் அது மிகுந்தால் காய்ச்சல், அதிர்ச்சி, மரணம். 1960களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வழியே, இப்போர்வையிலிருந்து சிறுசிறு குமிழிகள் அரும்பி உதிர்வது கண்ணுக்குத் தெரிந்தது. 1965, 1966ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் எலிசபெத் ஒர்க் என்ற அம்மையாரும் துணைவர்களும், சத்துக் குறைவாக வளர்க்கப்பட்ட ஈ.கோலை பாக்டீரியாவிடம் இதைக் கண்டனர். 1967இல் கல்கத்தாவில் சட்டர்ஜி, தாஸ் ஆகிய இருவர் காலரா நுண்ணுயிரிடம் இதையே கண்டு, செத்த உயிரணுவின் சிதைவாக இதைக் கொள்ளலாகாது, வளர்ந்துகொண்டிருக்கும் உயிரணுவே போர்வையைப் பிதுக்கி வெளியேற்றுகிறது என்று எழுதினர். துறையின் முதற்கட்டுரைகளுள் ஒன்றாக அது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. காலரா ஓயாது உலவிய மாநகரத்தில், காலராக் கிருமியையே உற்றுநோக்கியிருந்தவர்களுக்கு இக்காட்சி கிட்டியது பொருத்தமே.

ஆயினும் அக்குமிழிகளை மதித்தவர் சிலரே. அவை கழிவு என்றும், ஆய்வுக்கூட வளர்ப்பின் கோளாறு என்றும் பலர் ஒதுக்கினர். மதித்த சிலரும் அஞ்சியே மதித்தனர், ஏனெனில் அகநஞ்சைச் சுமந்து செல்வது அக்குமிழியே. மூளையுறை அழற்சிக் காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் பாக்டீரியா இவ்வாறு நஞ்சுக் குமிழிகளை ஏராளமாக உதிர்ப்பது 1973இல் அறிவிக்கப்பட்டது. ஓர் இரவுக்குள் குழந்தையைக் கொன்றுவிடக்கூடிய நோய் அது.

அந்த நஞ்சுக் குமிழியே மருந்தான கதை நம் கருத்துக்கு உரியது. மெனிங்கோகாக்கஸ் 'பி' வகையின் மேலுறைச் சர்க்கரை, மனிதக் குழந்தையின் நரம்பணுக்களில் உள்ள சர்க்கரையை ஒத்திருப்பதால், வழக்கமான முறையில் அதற்குத் தடுப்பூசி செய்ய இயலவில்லை. மேலுறையை விட்டுவிட்டுக் குமிழியைப் பிடித்தால் என்ன என்று கியூபாவிலும் நார்வேயிலும் முயன்றனர். பித்த உப்பு வகையைச் சேர்ந்த ஒரு பொருளால் குமிழிகளைக் கழுவி நஞ்சின் பெரும்பகுதியை நீக்கினர். 1980களின் இறுதியில் கியூபா தன் தடுப்பூசியை நாடெங்கும் இட்டது. அங்கு நடந்த சோதனையில் காப்புத்திறன் 83 விழுக்காடு எனக் கணிக்கப்பட்டது. நார்வேயின் தடுப்பூசி, பள்ளி மாணவரிடையே நடந்த பெரிய சோதனையில் 57 விழுக்காடே காத்தது. அது போதாதென்று நார்வே அரசு பொதுத்திட்டமாக அதை மேற்கொள்ளவில்லை. நாமாயின் பாதிக்கு மேல் காத்ததே என்று மகிழ்ந்திருப்போம். போதாது என்று சொல்லவும் ஒரு துணிவு வேண்டும்.

நியூசிலாந்தில் 1991இல் தொடங்கிய கொள்ளை நோய்க்கு எதிராக, அந்நாட்டில் பரவிய இனத்தின் குமிழியிலிருந்தே தனித் தடுப்பூசி செய்யப்பட்டு, 2004 முதல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கும் இளைஞருக்கும் இடப்பட்டது. அதே குமிழியை ஒரு கூறாகக் கொண்ட தடுப்பூசி 2013 ஜனவரியில் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது. பாக்டீரியாவின் குமிழி மனித உடலுக்குள் தீங்கின்றிச் செல்ல முடியும் என்பதற்கு இத்தனை குழந்தைகளின் கைகளே சாட்சி. இந்தச் சாட்சியம் இல்லாதிருந்தால், குமிழியை எலும்புக்கு அனுப்புவது பற்றி யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

இக்கதையில் மற்றொரு கிளை முதல் உலகப் போருக்குச் செல்கிறது. 1917இல், பால்கன் பகுதியின் டோப்ருஜாவில் போரிட்ட வீரர்களிடையே வயிற்றுக்கடுப்பு பரவியது. ஒரு வீரர் மட்டும் அதற்கு ஆட்படவில்லை. ஃபிரைபர்க் நகர மருத்துவர் ஆல்பிரட் நிஸ்லே, அவர் குடலில் வாழ்ந்த ஈ.கோலை பாக்டீரியா வேறு கிருமிகளை அடக்கும் வல்லமை உடையதென்று கண்டு, அதைப் பிரித்தெடுத்து மருந்தாக்கினார். 'மியூட்டாஃப்ளோர்' என்ற பெயரில் நூறாண்டுக்கும் மேலாக அது பயன்பட்டு வருகிறது. அந்த வீரரின் பெயரைப் பெரும்பாலான நூல்கள் கூறுவதில்லை. அவர் குடலின் குடியிருப்பாளர் மட்டும் 'நிஸ்லே 1917' என்று மருத்துவர் பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறார்!

குடலுக்கும் எலும்புக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். 2012இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகர ஆய்வாளர்கள், கிருமியே இல்லாச் சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளின் எலும்பு, மற்ற எலிகளின் எலும்பைவிடத் திண்மையாக இருந்ததைக் காட்டினர். குடலில் வாழ்பவை எலும்பைத் தொடுகின்றன என்பது இதனால் உறுதியாயிற்று. 2021இல் சீனாவின் சாங்ஷா நகரிலிருந்து வந்த ஆய்வு இன்னும் வியப்பூட்டுவது. சூலகம் அகற்றப்பட்ட எலிகளுக்குச் சிறுவர்களின் குடல் நுண்ணுயிர்களைக் கொடுத்தபோது அவற்றின் எலும்பிழப்புக் குறைந்தது. காரணத்தைத் தேடியபோது, அந்நுண்ணுயிர்கள் உதிர்த்த குமிழிகளே எலும்புக்குள் சென்று, கட்டும் அணுக்களை ஊக்கியும் தின்னும் அணுக்களை அடக்கியும் பணிசெய்தது தெரிந்தது. கழிவென்று ஒதுக்கப்பட்டது தூதனாக இயங்கியிருக்கிறது.

தானே செல்லும் தூதனுக்கு முகவரியும் எழுதிக் கொடுக்கலாமே என்பதுதான் ஷாங்காய் நகர ஆய்வாளர்களின் எண்ணம். அதற்கான வழி 2008இலேயே அமெரிக்காவில் திறந்திருந்தது. ஈ.கோலையின் வெளிப்போர்வையில் இயல்பாகச் சென்று அமரும் ஒரு புரதத்தோடு நாம் விரும்பும் வேறொரு புரதத்தைக் கோத்துவிட்டால், உதிரும் குமிழியின் மேல் அது கொடி போல நிற்கும். ஷாங்காய் ஆய்வாளர்கள் நிஸ்லேயின் பாக்டீரியாவை எடுத்து, சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற மனிதப் புரதத்தைக் கொடியாக நட்டனர். எலும்பு மச்சையில் உள்ள அணுக்கள் எஸ்.டி.எஃப்.1 என்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன. குருதியில் அலையும் மூல உயிரணுக்கள் இக்கொடியைத் தாங்கியே அச்சுரப்பை மோப்பம் பிடித்து மச்சைக்கு வீடு திரும்புகின்றன. இயற்கை இட்ட பாதையைக் குமிழிக்கும் காட்டிவிட்டார்கள். 2023இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பு கட்டுதலுக்குத் தடைபோடும் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தின் மரபுச் செய்தியை மட்டும் அழிக்கும் சிறு ஆர்.என்.ஏ. துண்டை அக்குமிழிக்குள் ஏற்றினர். 2024இல் வெளியிட்டதில், முகவரிக் கொடியோடு யூரிஸ்ட் வழிவந்த பி.எம்.பி.2 புரதத்தையும் குமிழியின் மேல் நிறுத்தினர். இரண்டிலும் சூலகம் அகற்றப்பட்ட எலிகளின் எலும்பிழப்பு தணிந்தது. கட்டும் மருந்து, செல்ல வேண்டிய இடத்துக்குச் சென்றது.

இவை எலிகள் என்பதை மறக்கலாகாது. எலிக்குச் சில வாரங்கள் போதும். எலும்புப்புரை உள்ள பெண்ணோ, பல்லாண்டு மருந்துண்ண வேண்டியவள். ஒவ்வொரு முறையும் குருதிக்குள் செல்லும் குமிழியில் அகநஞ்சு எவ்வளவு எஞ்சியிருக்கும்? முறை பெருகப் பெருக உடலின் எதிர்ப்பாற்றல் குமிழியை அடையாளம் கண்டு எதிர்க்கத் தொடங்குமா? தடுப்பூசியில் அவ்வெதிர்ப்பு நமக்கு வேண்டியிருந்தது, இங்கே அதுவே இடையூறு. ஈரல் எவ்வளவைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும்? நூறாண்டு நல்லபெயர் எடுத்த நிஸ்லேயின் பாக்டீரியாவிலும், மரபணுவைச் சிதைக்க வல்ல கோலிபாக்டின் என்ற பொருளை ஆக்கும் மரபணுத் தொகுதி உள்ளதென 2006இல்தான் தெரியவந்தது. இக்குமிழிகள் இன்னும் எந்த நாட்டிலும் எலும்புப்புரைக்கு ஒப்புதல் பெற்ற மருந்தாகவில்லை. ஆகவே பாக்டீரியாக் குமிழியின் பெயரால் எவரேனும் எலும்புக்கு மருந்து விற்றால், அவரிடமிருந்து விலகி நிற்பதே அறிவுடைமை.

எலிக்கும் பெண்ணுக்கும் இடையே உள்ள தொலைவைக் கோத்தன்பர்க் நகரமே நமக்குக் காட்டியிருக்கிறது. 2018இல் அங்கு, எலும்பு திண்மை குன்றிய 75 முதல் 80 வயதுவரையான 90 பெண்களுக்கு ஒரு நல்ல குடல் பாக்டீரியாவை ஓராண்டு கொடுத்துப் பார்த்தனர். அதை உண்டவர்களின் கால் எலும்பில் இழப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. செய்தி உலகெங்கும் பரவியது. அதே பாக்டீரியாவை, மாதவிடாய் நின்ற தொடக்க ஆண்டுகளில் இருந்த 239 பெண்களிடம் ஈராண்டு சோதித்த முடிவு 2024இல் வெளிவந்தது. அதை உண்டவர்க்கும் வெறும் பொடியை உண்டவர்க்கும் எலும்பிழப்பில் வேறுபாடு காணப்படவில்லை. அம்முடிவையும் அவர்கள் மறைக்காமல் அச்சிட்டனர்.